ஆங்கில எதிர்மறை முன்னொட்டுகளும் பொருள் மாற்றமும்

ஒரு சொல்லின் முன் எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தால் எதிர்ச்சொல் பிறக்கும் என்றே வகுப்பறையில் கற்பிக்கிறோம். தொடக்க நிலைக்கு இவ்விதி போதும். ஆயின், ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை நோக்குங்கால் அது எல்லா இடத்தும் பொருந்தாமை புலனாகும்.

ஆங்கிலத்தின் எதிர்மறை முன்னொட்டுகள் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தவை. ‘அன்’ பழைய ஆங்கிலத்திற்கே உரியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், இலத்தீனின் ‘இன்’, ‘டிஸ்’ ஆகியவை பிரெஞ்சுச் சொற்களோடு பெருமளவில் புகுந்தன. ‘ஏ’ என ஒலிக்கும் கிரேக்க முன்னொட்டு அறிவுத்துறைச் சொற்களோடு வந்தது. இவற்றுள் ‘டிஸ்’ ஒழிந்த மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். வடமொழியின் ‘அ’வும் அவ்வேரினதே.

தமிழ், எதிர்மறையைச் சொல்லின் இடையிலோ இறுதியிலோ வைக்கும் மொழி. எனினும், வடமொழிச் சொற்களோடு வந்த ‘அ’வுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உரைப்பது நம் மரபு. உருவம் இல்லாதது அரூபம். சைவம் அல்லாதது அசைவம். தருமத்திற்கு மாறானது அதர்மம். இப்பகுப்பு ஆங்கிலத்தைக் கற்பிக்கவும் நமக்குத் துணையாகும்.

‘மோரல்’ என்னும் சொல்லைக் காண்போம். ‘இம்மோரல்’ என்பது அறத்திற்கு மாறானது, இது மறுதலை. அறம், அறப்பிழை என்னும் அளவுகோலுக்கே உட்படாதவற்றைக் குறிக்க அச்சொல் உதவவில்லை. ஊரை அழிக்கும் புயல் அறந்தவறியது ஆகாதன்றோ! இவ்வேறுபாட்டைக் காட்ட 1882இல் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இலத்தீன் வழிச் சொல்லோடு கிரேக்க முன்னொட்டை இணைத்து ‘ஏமோரல்’ என ஆண்டார். இஃது அன்மைப் பொருள்.

‘இன்ட்ரஸ்ட்’ என்பதற்கு ஆதாயம், ஆர்வம் என இருபொருள் உண்டு. இன்றைய செம்மையான வழக்கில் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பது தன்னலம் சாராத நடுநிலையையும், ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்பது ஆர்வமின்மையையும் குறிக்கும். 17ஆம் நூற்றாண்டிலோ இவ்விரு சொற்களும் ஒன்றன் பொருளில் மற்றொன்று ஆளப்பட்டதுண்டு. இவ்வேறுபாட்டை அறியாத மாணவர், நடுநிலை பிறழாத நீதிபதியை ‘ஆர்வமற்ற நீதிபதி’ என மொழிபெயர்த்துவிடுவார். புகழ்ச்சி அங்கே பழியாகிறது.

பிழை உயிருக்கே ஊறாவதும் உண்டு. ‘இன்ஃபிளேமபிள்’ என்பதில் உள்ள ‘இன்’ எதிர்மறையன்று. ‘உள்’ என்னும் பொருளுடைய வேறோர் இலத்தீன் முன்னொட்டு. அச்சொல்லின் பொருள் ‘எளிதில் தீப்பற்றும்’ என்பதே. அதனைத் ‘தீப்பற்றாதது’ எனக் கொள்வோர் உண்டாகலாம் என்னும் அச்சத்தால், 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்னும் வடிவத்தை வலியுறுத்தியது. ஒரு முன்னொட்டை நீக்கியும் பொருள் மாறாத அரிய சொல் இது.

‘இன்வேல்யுவபிள்’ என்பதில் ‘இன்’ எதிர்மறையே. ஆயினும் அச்சொல் மதிப்பின்மையைக் குறிப்பதில்லை. மதிப்பிட இயலாத அளவு உயர்ந்தது என்பதே அதன் பொருள். நம் ‘விலைமதிப்பற்ற’ என்னும் சொல்லும் அவ்வாறே இயங்குகிறது.

ஆகவே, எதிர்ச்சொற் பட்டியலை மனனம் செய்விப்பதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. இம்முன்னொட்டு எதிர்மறைதானா, எனின் இன்மையா, அன்மையா, மறுதலையா, அது மறுப்பது எப்பொருளை என்னும் வினாக்களை மாணவர் எழுப்பப் பழகுதல் வேண்டும். அப்பழக்கம் வாய்த்தால் அவர்தம் மொழிபெயர்ப்பு பிழையினின்று காக்கப்படும்.