அய்யா ஏறின ரயில்

ரெண்டு மாசமா இங்கே ஒண்ணும் எழுதல. கார்த்திகையில எங்க அய்யா தவறிட்டாவ. வெளியூரில் இருந்து படிக்கிறவங்களுக்குச் சொல்றேன், எங்க வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். மரியாதைக்கு 'வந்தாவ, போனாவ' என்று பேசுவது உடன்குடிப் பக்கத்துப் பேச்சு. எழுதும்போதும் அது கையில் வந்துவிடுகிறது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரங்களும் கூட்டாளிகளும் சாப்பிட்ட பிறகும் போகவில்லை. பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்து, பொழுது சாய்கிற வரை அய்யாவைப் பற்றியே பேசினாவ. சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது. ராத்திரி படுத்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இவங்க பேசினது அய்யா கதை மட்டும் இல்லை, எங்க ஊர்ப் பனையின் நூறு வருஷத்துக் கதை. யாராவது எழுதி வைக்கவில்லை என்றால் இன்னும் பத்து வருஷத்தில் சொல்ல ஆள் இருக்காது.

முதல் சண்டையே அய்யாவின் வயசில்தான் வந்தது. ஆதார் அட்டையில் 84. வீட்டுக் கணக்கில் 88. அய்யா ஒரே கணக்குதான் சொல்லுவாவ: "வெள்ளைக்காரனைக் கொன்ன வருஷம் எனக்கு ஆறு வயசு." அது 1942. ஆகஸ்ட் போராட்ட நேரம். செப்டம்பர் 20-ஆம் தேதி குலசேகரன்பட்டினத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்து, கடைசியில் தூக்கில் ஏறாமல் இருவரும் தப்பினார்கள். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி வந்தாலே பெரிசு. எங்க அத்தைக்கு, அதாவது அய்யாவின் அக்காவுக்கு, அது ஒரு வரி இல்லை. போலீஸ் ஊர் ஊராகப் புகுந்தபோது ஆம்பிளைகள் விளைக்குள்ளே போய் ஒளிந்தார்களாம். எங்க தாத்தா ரெண்டு ராத்திரி பனை மட்டைக்கு நடுவில் உட்கார்ந்தே விடிய வைத்தாராம். "கீழ டார்ச் லைட் அடிச்சுக்கிட்டே போறானுவ, ஒருத்தன்கூட அண்ணாந்து பாக்கல" என்று அத்தை சொன்னபோது பந்தலே சிரித்தது.

அடுத்த சண்டை ரயிலைப் பற்றி.

உடன்குடியில் ரயில் ஓடியது என்று சொன்னால் இங்குள்ள சின்னப் பிள்ளைகளே நம்பாது. பாரி கம்பெனியார் குலசேகரன்பட்டினத்தில் சீனி ஆலை வைத்திருந்தார்கள், கரும்பை நம்பி இல்லை, பனையை நம்பி. அந்த ஆலைக்காகப் போட்டதுதான் குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே. 1910-களின் நடுவில் ஓட ஆரம்பித்தது. திசையன்விளையில் இருந்து உடன்குடி, குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை சின்னத் தண்டவாளம். சரக்கும் போகும், ஆளும் போகும். 1940-இல் நிறுத்திவிட்டார்கள்.

தாத்தா தோளில் உட்கார்ந்து அந்த ரயிலில் திருச்செந்தூர் போனேன் என்று அய்யா எங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்காவ. புகை வாசனை, சங்குச் சத்தம், ஜன்னல் வழியே ஓடுகிற பனைமரம், எல்லாம் வரும். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் பள்ளிக்கூடக் கூட்டாளி கணக்குப் போட்டான். 1940-இல் ரயில் நின்றது என்றால் அய்யாவுக்கு அப்போது நாலு வயசு. நாலு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவும் ஞாபகம் இருக்குமா?

அத்தை ஒரே போடாகப் போட்டாவ. "அவன் எங்கல போனான்? அவனுக்கு அன்னைக்குக் காய்ச்ச. அம்மை மடியில கெடந்தான். போனது நான். வந்து கதை கதையா அவன்கிட்ட சொன்னதும் நான்."

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எண்பது வருஷமாக அய்யா சொன்னது அக்காவின் ரயில். பொய் சொன்னாவ என்று நான் நினைக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஏறிவிட்டாவ, அவ்வளவுதான்.

பனையேறிச் சனத்தைப் பற்றி எழுதியவர்களே கிடையாதா என்றால் உண்டு. திசையன்விளைப் பக்கம் இடையன்குடியில் கால்டுவெல் 1841-இல் வந்து குடியிருந்தார். 1849-லேயே எங்க சனத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டார். அதில் எங்களைத் தாழ்த்தி எழுதியிருந்ததால் பின்னாளில் பெரிய எதிர்ப்பு வந்தது. 1891-இல் அவர் கொடைக்கானலில் இறந்து, உடலை இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள். 1894-இல் அவருடைய மருமகன் வயட், மாமனாரின் நினைவுகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். இதையெல்லாம் சொன்னதும் என் கூட்டாளிதான். சொல்லிவிட்டு, "துரைக்கு மருமகன் எழுதினான், நம்ம அய்யாவுக்கு நீ எழுதுல" என்றான். பத்தாம் வகுப்பு படித்தவன் எழுதுகிற எழுத்து இது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

அய்யா ஏறினது நாப்பது மரம். தை பிறந்தால் மரம் சீர் பார்ப்பது, பங்குனியில் இருந்து ஆடி வரை காலையும் சாயந்திரமும் ஏறுவது. ஒரு மரம் அறுபது அடி என்று வையுங்க. நாளுக்கு எண்பது தடவை. 4,800 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். காலில் தளைநார், மரத்தில் சாய்க்க முருக்குத்தடி, இடுப்பில் அருவாப்பெட்டி, நெஞ்சில் காய்ப்பு. எங்க நாலு பேரில் யார் கட்டிப்பிடித்தாலும் அந்தக் காய்ப்பு உரசும். சின்ன அக்கா அதைச் சொல்லித்தான் அழுதாள்.

கூட ஏறின மாமா ஒருத்தர் சொன்னது எனக்குப் புதுசு. அய்யா மரத்துக்கெல்லாம் பேர் வைத்திருந்தாவளாம். கூனி, கெணத்தடியா, மருமவ. மருமவ என்பது பருவப்பனை, அதாவது பெண் பனை. "பாளையை இடுக்கி வச்சுக் கொஞ்சம் அழுத்தி நசுக்கினாலும் கோவிச்சுக்கிட்டு மூணு நாள் சொட்டாது. அதான் மருமவ." என் வீட்டுக்காரி இதைக் கேட்டு முறைத்தாள். பாளையை எத்தனை மெல்லிசாகச் சீவணும், எந்த மரத்துக்கு எப்படி நசுக்கணும் என்பது கையில் இருக்கிற படிப்பு. அய்யாவுக்குத் தாத்தா சொல்லிக் கொடுத்தார். எனக்கு அய்யா சொல்லிக் கொடுக்கவில்லை. "நீ மரம் ஏற வேண்டாம், கீழ நின்னு பொழைச்சுக்கோ" என்று வாழையும் முருங்கையும் போட ரெண்டு ஏக்கர் வாங்கித் தந்தாவ. நானும் சந்தோஷமாகக் கீழேயே நின்றுவிட்டேன்.

கீழே நடந்த வேலை அம்மாவுடையது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதில் இருந்தே அது தொடங்கிவிடும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் கருப்பட்டி கெட்டுப்போகும். விடிலி என்கிற ஓலைக் குடிசையில் அடுப்பு. பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒண்ணு, ஒண்ணேகால் கிலோ கருப்பட்டி. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் கையில் உருளணும், அப்போது இறக்கிச் சிரட்டையில் ஊற்றணும். எங்க தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் இந்த வறண்ட காத்துக்கும் வருகிற ருசி வேறு ஊரில் வராது என்பது எங்க கர்வம். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அய்யாவிடம் பேப்பரில் காட்டினேன். "இத்தனை நாளா எந்த ஊருன்னு தெரியாமலா தின்னானுவ?" என்றாவ.

இனி எழுதுவது எழுத யோசித்தது. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதை எழுதினதில் அர்த்தம் இல்லை.

1998-இல் அய்யாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு பாதி மரத்தைக் கூலிக்கு ஆள் விட்டு ஏறினோம். கூலி போகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அக்கா பிள்ளைக்குச் சடங்கு வேறு. வெளியே பல பேர் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். கூப்பதநீரில் சீனி கலந்தேன். ஒரே வாரச் சரக்குதான். சீனி சேர்ந்தால் எடை ஏறும், பார்க்கப் பளபளவென்று இருக்கும், உடைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். (நல்ல கருப்பட்டி மங்கலாகத்தான் இருக்கும், மழைக்காலத்தில் கசியும். கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவங்க இதைக் கவனிங்க.) ஓலைப்பெட்டியில் கட்டி, எப்போதும் வாங்குகிற பாய் கடையில் போட்டேன். அவர் நிறுத்தார், பணம் தந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது என்று இருபத்தாறு வருஷம் நினைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் அந்தப் பாய் வந்திருந்தார். அவருக்கும் எண்பதை நெருங்குது. பந்தலில் எல்லார் முன்னாலும் அய்யாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துத் தெரு முக்குக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, அண்ணாச்சி உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாவ. அந்த வருஷம் நீ சரக்கு போட்டுட்டுப் போன மறுநாள் விடியக்காலம் வந்தாவ. 'என் பையன் நேத்து போட்டது சீனிச் சரக்கு, என் பேரச் சொல்லி வித்துராதீரும்' என்னாவ. வாங்கின பணத்த எண்ணி வச்சாவ. அந்தப் பெட்டிய சைக்கிள்ல கட்டிக்கிட்டு அவுகளே எடுத்துட்டுப் போனாவ. 'அவனுக்கு நான் வந்தது தெரியக் கூடாது, அவன் முகம் சுருங்கும்' என்னாவ. நானும் வாக்குக் கொடுத்துட்டேன். இப்ப அவுக இல்ல. நான் சொல்லாமப் போனா அது யாருக்குத் தெரியும்?"

என்னால் பேச முடியவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி அக்காவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் கம்மலை அந்த வருஷம் அடகு வைத்தார்கள். சடங்குச் செலவுக்கு என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் கருப்பட்டியை என்ன செய்தாவ என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மாட்டுக்குக் கரைத்து வைத்திருப்பாவ என்கிறார் மாமா.

நாப்பது மரத்தில் இப்போது முப்பத்தொண்ணு நிற்குது. செங்கல் சூளைக்கு மரம் கேட்டு ஆள் வந்து போவார்கள். 2021-இல் இருந்து கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு சொன்ன பிறகு வருவது குறைந்திருக்கு. ஏறத்தான் ஆள் இல்லை. அனல் மின்நிலையம் வந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் போட்டாயிற்று. பனங்காட்டில் ரயில் விட்ட ஊருக்கு ராக்கெட் ஒன்றும் அதிசயம் இல்லை.

அந்த மாமாவின் மகன் இந்த வருஷம் ஆறு மரம் மட்டும் ஏறித் தருகிறேன் என்றிருக்கான். மருமவ அதில் ஒண்ணு. அய்யாவின் அருவாப்பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவதும் காய்ச்சுவதும் நானும் வீட்டுக்காரியும்தான். முதல் சிரட்டையைப் பாய் கடையில் கொண்டுபோய் வைக்கணும்.

நேற்று அத்தையைப் பார்க்கப் போனேன். அய்யா ரயில் ஏறவே இல்லையா என்று திரும்பவும் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஏறியிருந்தாலும் ஏறியிருப்பான் மக்கா, எனக்கும் வயசாயிட்டுல்லா" என்றாவ.