ஹெரால்டின் பின்சக்கரங்கள்

காரின் பின்பக்கத்து ஸ்பிரிங்கை மாற்றினாலோ, ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்து உயர்த்தினாலோ, வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், சென்னையின் பழைய மெக்கானிக்குகளில் பலர், அது முன்சக்கரத்து விஷயம் அல்லவா என்றே விடை கூறுவார்கள். இந்த அபிப்பிராயம் அஞ்ஞானத்தில் பிறந்ததன்று. அம்பாசடரையும் பியட்டையும் ஆயுள் முழுதும் பிரித்துக் கோத்த கைகளுக்கு அந்த வண்டிகளே போதித்த பாடம் அது. அவ்விரண்டிலும் பின்சக்கரங்கள் ஒரே அச்சின் இரு முனைகளில் பூட்டப்பட்டு, அந்த அச்சு, நம் வில்வண்டியில் கண்டதைப் போலவே, நீண்ட வில்பட்டைகளோடு இறுக்கப்பட்டிருந்தமையால், பாரம் ஏறினும் இறங்கினும் சக்கரங்கள் நிமிர்ந்தே நின்றன; திருத்துவதற்கென்று அங்கே ஒரு திருகும் இல்லை.

அங்கும் அந்தப் பாடம் பூரணமானதன்று. பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டியின் மூக்கு தாழ்கிறது. அதனால் முன்சக்கரத்தின் திருப்பும் அச்சுக்குப் பின்னோக்கி இருக்க வேண்டிய சாய்வு குறைகிறது. திருப்பத்தில் வளைத்த ஸ்டியரிங் தானே நேருக்குத் திரும்பும் குணமும் அதனோடு குன்றுகிறது. பட்டைகளை ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் அறுந்துபோனாலோ, அச்சு ஒருபக்கம் நகர்ந்து, வண்டி நேர்ச்சாலையிலும் கோணிக்கொண்டே ஓடும். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை கயிறு பிடித்துப் பார்ப்பவனுக்கு அந்தக் கோணல் விரற்கடைக் கணக்கில் புலப்படும்.

ஆனால் பின்சக்கரத்துக்கும் தனியே ஒரு கணக்கு உண்டு என்பதை நம் ஊருக்கு உணர்த்திய வண்டி, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்த ஹெரால்டுதான். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இங்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயர் பூண்டது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. பானெட்டும் மட்கார்டுகளும் ஒருசேர முன்புறமாகக் கவிழ்ந்து திறக்க, எஞ்சின் முழுதும் மெக்கானிக்கின் கைக்கு எட்டிவிடும் சௌகரியம் அதன் விசேஷம். பின்புறமோ வேறொரு உலகம். எட்மண்டு ரும்ப்ளர் என்ற பொறியியலாளர் 1903-லேயே பேட்டன்ட் பெற்ற யுக்தியின்படி, டிபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு பொருந்தி அசையாமல் நிற்க, அதன் இருபுறமும் அரை அச்சுகள் கீலில் ஆடும் கதவைப் போல மேலும் கீழும் ஆடின; குறுக்கே கிடந்த ஒற்றை வில் இரண்டு சக்கரங்களையும் தாங்கியது.

இதன் விளைவைக் காண ஒரு ஜாக்கி போதும். பின்பக்கத்தைத் தூக்கினால் இரு சக்கரங்களின் அடிப்பாகங்களும் உள்வாங்கி, வண்டியின் அடியில் ஒன்றையொன்று நாடுவனபோல் மடங்கும். ஜாக்கியை இறக்கிய பின்னும், டயர் தரையைப் பற்றிக்கொண்டிருப்பதால், அந்தச் சாய்வு எளிதில் மாறாது. சில அடி தூரம் தள்ளி உருட்டினால்தான் நிலைக்கு வரும். வில் தளர்ந்த வண்டியில் இதற்கு நேர்மாறாகச் சக்கரங்களின் மேல்பாகம் உட்சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயும். அந்த வில்லை உலையில் காய்ச்சி அளவுக்கு மீறி வளைத்துப் பூட்டிவிட்டாலோ ஆபத்தே மிகும். வேகமாகத் திரும்புகையில் வெளிப்புறச் சக்கரம் மடங்கி, பின்பக்கம் சறுக்கும். அமெரிக்காவில் இதே தத்துவத்தில் அமைந்த கார்வேர் காரைக் குறித்து 1965-ல் வழக்கறிஞர் ரால்ப் நேடர் எழுப்பிய கண்டனம் பிரசித்தமானது.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதைத் திருத்தவும் வழி வைத்திருந்தார்கள்; சக்கரத்தை முன்னிருந்து பிடிக்கும் தண்டு சட்டத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் அது செய்யப்பட வேண்டும். ஒற்றை அச்சுக்கே பழகிய பட்டறைகளில் இந்தச் சூட்சுமம் வேரூன்றவில்லை. வாங்கியோருக்கும் பழுது பார்த்தோருக்கும் அந்த ஆடும் அச்சு உவப்பாக இல்லாமையால், 1972-ல் அதே கம்பெனியிலிருந்து வந்த கேசல் கார், ஹெரால்டின் எஞ்சினையே கொண்டிருந்தும், பின்புறம் ஒற்றை அச்சுக்குத் திரும்பிவிட்டது. அந்தத் திருப்பத்தை என்னால் வெற்றியென்று கொண்டாட இயலவில்லை. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்து மேடுபள்ளத்தைத் தாங்கும் அரிய அமைப்பு ஒன்று, அதைப் பேணும் வித்தை இங்கே பரவுமுன்னரே கைவிடப்பட்டது.

இன்றும் ஹெரால்டைப் பாதுகாத்து வைத்திருப்போர், புதிய வில்லைப் பூட்டியதும், ஆட்களை ஏற்றி, வண்டியைச் சற்றே உருட்டி, சக்கரங்கள் தம் நிலையில் அமர்ந்தபின் பின்சக்கரங்களை முதலில் அளந்து, தகடுகளைச் சரிசெய்து, அதன் பின்னரே முன்சக்கரத்துக்குப் போவது உத்தமம்.