தரணி சுகர்ஸ் வழக்கு (2019)

விருதுநகர் மாவட்டத்து இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ள ஊர் வாசுதேவநல்லூர். இங்குக் கரும்பாலை நடத்திவந்த தரணி சுகர்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் பெயராலேயே, ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை ஒன்றை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிய தீர்ப்பு அறியப்படுகிறது.

ரிசர்வ் வங்கியை நீதிமன்றத்தில் வெல்வது அரிது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கியைக் கலைக்கக் கோரி அது உயர் நீதிமன்றம் சென்றது. அது கேட்டால் நீதிமன்றம் கலைத்தே ஆகவேண்டும் என்றது அன்றைய சட்டம். வங்கிகளின் நிலையை அறிந்த வல்லுநர் அமைப்பு ரிசர்வ் வங்கியே எனக் கூறி, அந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்று 1962-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

முறையிடும் வழியும் குறுகலானது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆணைகளுக்குத் தனி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைக்கு அப்படி இல்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்யவேண்டும். (விருதுநகர் மாவட்டத்தார்க்கு 2004 முதல் அது மதுரைக் கிளை.)

2018 பிப்ரவரி 12 அன்று வெளியான சுற்றறிக்கை, தவணை ஒரு நாள் தவறினாலும் வங்கிகள் தீர்வு நடவடிக்கையைத் தொடங்கவேண்டும் என்றது. 2,000 கோடி ரூபாயும் அதற்கு மேலும் கடன்பட்ட நிறுவனங்களுக்கு 180 நாள் கெடு. அதற்குள் தீர்வு வராவிட்டால் நொடிப்பு வழக்கு. பழைய கடன் சீரமைப்புத் திட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. மின்சாரம், சர்க்கரை, கப்பல் கட்டுதல் எனப் பல துறை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் இருந்த மனுக்களை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

2019 ஏப்ரல் 2 அன்று நீதிபதிகள் நாரிமன், வினீத் சரண் அமர்வு தீர்ப்பளித்தது. சுற்றறிக்கையின் பொருளாதார நன்மை தீமை அதற்குக் காரணமன்று. அதிகார வரம்புதான் காரணம். 2017-இல் சேர்க்கப்பட்ட 35ஏஏ பிரிவின்படி, நடுவண் அரசின் அனுமதியோடு, குறிப்பிட்ட கடன் தவறுதல் பற்றி மட்டுமே நொடிப்பு நடவடிக்கைக்கு ஆணையிடலாம். கடனாளிகள் அனைவருக்கும் பொதுவாக ஆணையிட முடியாது. வல்லுநர் அமைப்பாயினும் சட்டம் தந்த அளவே அதன் அதிகாரம் என்றாயிற்று. சுற்றறிக்கை முழுதும் வீழ்ந்தது. அதைக்கொண்டே தொடங்கிய நொடிப்பு வழக்குகளும் வீழ்ந்தன.

2019 சூன் 7 அன்று ரிசர்வ் வங்கி புதிய சுற்றறிக்கையை வெளியிட்டது. தவணை தவறிய நாளிலிருந்து நிலைமையை ஆராய வங்கிகளுக்கு அதில் 30 நாள் கிடைத்தது. வழக்குக்குப் பெயர் தந்த தரணி சுகர்ஸோ 2021-இல் நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்றது.