யார் போட்ட கவுன்சிலர்?

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் நின்றுபோன கதையை எல்லோரும் கோலாலம்பூர் நாடாளுமன்றத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நான் லாபிஸிலிருந்து தொடங்குகிறேன். 1964 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு, வட ஜொகூரில் லாபிஸ் பக்கம் இந்தோனேசிய விமானங்கள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட வான்குடைப் படையினரை இறக்கின. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஆகஸ்டு 17இல், பொந்தியான் கரையோரம் படகில் ஒரு கூட்டம் வந்து இறங்கியிருந்தது. மலேசியா உருவானதை ஏற்காத சுக்கார்னோவின் சண்டை, எங்கள் ரப்பர் காட்டுக்குள் வந்து விழுந்த நாட்கள் அவை. வந்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள் அல்லது சுடப்பட்டார்கள். ஆனால் மறுநாளே நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது. அந்த அவசரகால அதிகாரத்தை வைத்துத்தான் 1965 மார்ச் 1ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார். அமைதி திரும்பியதும் நடத்துவோம் என்றார். 1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அமைதி திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. 2019ஆம் ஆண்டு முழுக்க ஜொகூரில் ஒரு மாவட்ட மன்றத்தில் கவுன்சிலராக இருந்தேன். என் பொறுப்பில் இரண்டு மலாய்க் கம்பங்கள், ஒரு புதுக்கிராமம், மூன்று தோட்டங்கள். முதல் மாதம் தோட்டத்து லயத்துக்குப் போய், "நான்தாம்மா உங்க கவுன்சிலர்" என்று அறிமுகம் செய்துகொண்டேன். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "யாரு தம்பி உன்னப் போட்டது? நாங்க ஒண்ணும் ஓட்டுப் போடலையே?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "மாநில அரசாங்கம் போட்டுச்சு பாட்டி" என்றேன். "அப்ப சரி" என்று கீரைக்குத் திரும்பிவிட்டார். அந்த "அப்ப சரி"யில் இருந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது. மேலிருந்து யாரோ ஆளைப் போடுவது தோட்டத்துக்குப் புதிதல்ல. துரையைக் கம்பெனி போட்டது, கிராணியையும் மண்டோரையும் துரை போட்டார். அந்த வரிசையில் நான் கடைசி ஆள்.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, பத்தாவது பிரிவில் தலைவரைத் தவிர 8 முதல் 24 கவுன்சிலர்கள் வரை இருக்கலாம் என்கிறது. நியமிப்பது மாநில அரசு. பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஒரு கையெழுத்தில் அது ஓராண்டாகவும் சுருங்கலாம். பதினைந்தாவது பிரிவு இன்னும் சுருக்கம்: ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்டங்கள் எதுவும் இனி செல்லாது. 1965இல் "நிறுத்திவைத்தது" 1976இல் புதைக்கப்பட்டது. கவுன்சிலருக்கு ஊராட்சி அனுபவமோ, தொழிலில் சிறப்போ, தன் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் திறமையோ இருக்க வேண்டும் என்றும் சட்டம் அழகாகச் சொல்கிறது. நடைமுறையில் கட்சிகளுக்குள் இடம் பங்கிடப்படுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

ஆனால் 1965க்கு முன்பு மட்டும் அந்தப் பாட்டிக்கு ஓட்டு இருந்ததா? இங்கேதான் கதை கோணலாகிறது.

1950 ஜூனில் பிரிக்ஸ் திட்டம் தொடங்கியபோது முதலில் கைவைத்தது ஜொகூரில். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் செய்தியும் போகாமல் தடுக்க, காட்டோரத்தில் இருந்தவர்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள். அவைதான் புதுக்கிராமங்கள். 1952இல் வந்த சட்டத்தின்படி அவற்றில் பலவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்மன்றங்கள் வந்தன. தாங்களே வரி வசூலித்தார்கள், லோங்காங் வெட்டினார்கள், சந்தை நடத்தினார்கள். வேலிக்குள் அடைத்த அரசே அவர்களுக்கு ஓட்டுப்பெட்டியையும் கொடுத்தது. விசித்திரம்தான். ஆனாலும் அது ஒரு பள்ளிக்கூடம். என் பொறுப்பில் இருந்த புதுக்கிராமத்தில் மனுவை யாருக்கு எழுதுவது, எத்தனை பிரதி, எந்தக் கூட்டத்துக்கு முன்னால் கொடுப்பது எல்லாம் கிழவர்களுக்கு அத்துப்படி.

தோட்டத் தொழிலாளர்களையும் அதே காலத்தில் ஒன்றுகூட்டி வேலி போட்டார்கள். ஆனால் அந்த வேலி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அங்கே ஊர் கிடையாது, கம்பெனிதான் உண்டு. ஆகவே ஊர்மன்றமும் பெரும்பாலும் அங்கே வரவில்லை. நாட்டில் ஊராட்சி ஜனநாயகம் இருந்த அந்தப் பதினான்கு ஆண்டுகளிலும் லயத்து மனிதர் அதற்கு வெளியேதான் இருந்தார். பறிபோனதைப் பற்றி வருந்துவதற்குக்கூட முதலில் கையில் இருந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு தமிழர் பெயர் வருவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், மஇகாகாரர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்றால் பலருக்குப் புரியும். அவருடைய ஆணையம் தேர்தலை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் திறமைக்குறைவாக இருந்தாலும் நியமன மன்றத்தைவிட மேல் என்பதே அதன் வாதத்தின் சாரம். அரசு அந்த அறிக்கையில் மன்றங்களைச் சீரமைத்து இணைக்கும் யோசனையை எடுத்துக்கொண்டது, தேர்தலை விட்டுவிட்டது. சின்னச் சின்ன ஊர்மன்றங்கள் மாவட்ட மன்றங்களுக்குள் கரைந்தன. நான் உட்கார்ந்த நாற்காலி அப்படி வந்ததுதான். நம் சமூகம் ஆதி நாகப்பனைக் கட்சி வரலாற்றில் மட்டும் வைத்திருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

என் ஓராண்டில் பெரும்பகுதி எல்லைக்கோடுகளோடுதான் போனது. மலாய்க் கம்பத்தில் தெருவிளக்கு கேட்டால் அதற்கொரு வழி இருந்தது. கம்பத்துத் தலைவர், பெங்குலு, மாவட்ட அலுவலகம் என்று படிகள் உண்டு. புதுக்கிராமத்தில் வீட்டு வரி கட்டுகிறார்கள், உரிமையோடு கேட்டார்கள். தோட்டத்தில் கேட்டால், உள்சாலை தனியார் நிலம், மன்றப் பணம் அங்கே போகாது. வீடும் தண்ணீரும் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் கடமை. ஆகவே மக்கள் பிரதிநிதியான நான் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். மழை பெய்தால் லயத்துப் பின்பக்க லோங்காங் நிரம்பி அடுப்படிவரை வரும். அதற்கு நான்கு கடிதங்கள். ஒரு பதில் வந்தது, "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று.

தேர்தல் வேண்டாம் என்பவர்கள் 2018 டிசம்பரில் பிரதமர் மகாதீர் சொன்னதைத்தான் சொல்வார்கள்: இனப்பூசல் வரும். பட்டணத்தில் சீனர் கை ஓங்கும், கிராமத்து மலாய்க்காரர் ஒதுக்கப்படுவார் என்று கணக்குப் போடுகிறார்கள். அதற்கு எதிராகப் பேசுவோரும் பட்டணக் கணக்கைத்தான் போடுகிறார்கள். பினாங்கு அரசு தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றி, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தச் சண்டையும் நகரச் சண்டைதான். எந்த ஊரின் எல்லைக்குள்ளும் வராத ஆளை எந்தத் தொகுதியில் சேர்ப்பது என்று இரு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தேர்தல் வேண்டும். ஆனால் இப்போதிருக்கும் கோடுகளை வைத்துக்கொண்டு நடத்தினால், பாட்டிக்கு ஓட்டு வரும், லோங்காங் வராது.

2020 பிப்ரவரி கடைசியில் ஜொகூரில் ஆட்சி கவிழ்ந்தது. 2018இல் முதன்முறையாக மாறிய ஆட்சி அது. அதோடு எங்கள் நியமனமும் முடிந்தது. யாரும் எங்களுக்கு எதிராக ஓட்டுப் போடவில்லை, போட்டதும் இல்லை. லோங்காங் கோப்பை அடுத்து வரும் கவுன்சிலரிடம் நேரில் கொடுத்துவிடலாம் என்று போய்க் கேட்டேன். யாரைப் போடப்போகிறார்கள் என்று இன்னும் தெரியவில்லை என்றார்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.