குழாய்க்கு முன் வந்த கட்டணம்: பழைய மாமல்லபுரம் சாலையும் குடிநீர்ப் பிரதான குழாய்களின் நிதியும்

பழைய மாமல்லபுரம் சாலையோர அலுவலக வளாகம் ஒன்றில் பத்தாயிரம் பேர் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு அலுவலகத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று கணக்குப் போடச் சொல்கிறது. மொத்தம் 4,50,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் 38 நடை. இதே தண்ணீரை இருபத்து நான்கு மணி நேரமும் சீராக ஓடவிட்டால் நொடிக்கு ஐந்தே கால் லிட்டர்தான். நாலு அங்குலக் குழாய் ஒன்று சிரமமில்லாமல் சுமக்கும். அப்படியிருக்க, இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் இத்தனை ஆண்டுகளாக லாரியை நம்பியே ஏன் ஓடின?

வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். அரசிடம் பணமில்லை என்பது ஒன்று. கட்டடம் கட்டி லாபம் பார்ப்பவர்கள் அதற்கான செலவை ஏற்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மை இல்லை. கட்டியவர்கள் பணம் கட்டினார்கள், அரசும் வாங்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பணத்துக்கும் குழாய்க்கும் சட்டப்படியான முடிச்சு எதுவும் போடப்படவில்லை. புதிய வணிக வளர்ச்சிக்குப் பிரதான குழாயை நீட்டும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. கட்டிய பணம் வாங்கியவர் மேல் என்ன கடமையைச் சுமத்துகிறது என்பதே முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். அடுத்த சில ஆண்டுகளில் தெற்கே சிறுசேரி சிப்காட் வரை மென்பொருள் நிறுவனங்கள் வரிசை கட்டின. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரையிலான சுமார் 20 கிலோமீட்டர் ஆறு வழிச் சாலையாக மாறி, 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரையும் பெற்றது. அந்தச் சாலைக்கென்று தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. செலவை மீட்கச் சுங்கச்சாவடிகள் வந்தன. சாலை இல்லையென்றால் சுங்கம் இல்லை. ஆகவே சாலை வந்தே தீரவேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில், அதே நிலத்தில் போடவேண்டியிருந்த குடிநீர்க் குழாய்க்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

இதற்கு எல்லைக் கோடுகளும் ஒரு காரணம். சென்னைக் குடிநீர் வாரியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் விநியோக வலை நெடுங்காலம் பழைய மாநகராட்சி எல்லையை ஒட்டியே விரிந்தது. பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் பேரூராட்சிகள். ஒக்கியம் துரைப்பாக்கமும் காரப்பாக்கமும் ஊராட்சிகள். 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் இவை சென்னைக்குள் வந்தன. அதுவரை பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கொடுப்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தண்ணீர் கொடுக்கவேண்டியது நாலு ஆழ்துளைக் கிணறும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் வைத்திருந்த உள்ளாட்சி. அனுமதித்தவருக்குத் தண்ணீர்ப் பொறுப்பு இல்லை, பொறுப்புள்ளவருக்கு அனுமதியை மறுக்கும் அதிகாரம் இல்லை.

பணம் வாங்கும் ஏற்பாட்டில் மட்டும் குறையில்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு வளர்ச்சிக் கட்டணத்துக்கு வழி செய்தது. 2007இல் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் சதுர மீட்டர் கணக்கில் இதைச் செலுத்தவேண்டும். இவை போதாதென்று குடிநீர் வாரியத்தின் பெயரிலும் ஒரு தொகையை வரைவோலையாக வாங்கிக்கொண்டுதான் குழுமம் அனுமதிக் கடிதம் தருவது வழக்கம்.

அந்தக் கடிதத்தின் ஒரு நிபந்தனை, இந்தத் துறையில் உழல்பவர்களுக்கு மனப்பாடம். குடிநீர் வாரியம் வளாகத்தின் ஒரே ஒரு சம்புக்குத் தண்ணீர் தரக்கூடும். அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்குப் பத்து லிட்டர் என்ற அளவில். மற்ற தேவைகளுக்குக் கட்டுபவரே மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இதுதான் அதன் சாரம். உள்கட்டமைப்புக்கென்று பணம் வாங்கும் அதே கையெழுத்து, உள்கட்டமைப்பை எதிர்பார்க்காதே என்றும் எழுதிக் கொடுக்கிறது. மாற்று ஏற்பாடு என்ற இரண்டு சொற்களுக்குள் மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளும் அங்கிருந்து புறப்படும் லாரிகளும் அடங்கிவிட்டன. நிலத்தடி நீரை லாரியில் ஏற்றிச் செல்வதைக் கட்டுப்படுத்தவென்றே 1987இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதே லாரித் தண்ணீரை ஊகித்துக்கொண்டு அனுமதிகள் வழங்கப்பட்டன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, லாரியும் கிடைக்காமல் போனபோது, இந்தச் சாலையின் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லவேண்டியதாயிற்று.

சட்டம் இந்த நிலையை எப்படிப் பார்க்கிறது? வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் வகுத்த வழக்கு சென்னை மாகாணத்திலிருந்தே போனது. 1954ஆம் ஆண்டு சிரூர் மடம் வழக்கில், கட்டணம் என்றால் அதற்கு ஈடான சேவை இருக்கவேண்டும், வசூலும் அந்தச் சேவைக்கென்று ஒதுக்கப்படவேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. பின்னாளில் இந்தக் கண்டிப்பு தளர்ந்தது. 1983இல் ஸ்ரீனிவாசா ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கில், பொதுவான ஒரு தொடர்பு இருந்தால் போதும், ரூபாய்க்கு ரூபாய் ஈடு தேவையில்லை என்றானது. சந்தைக் கட்டணம் போன்றவற்றுக்கு இந்தத் தளர்வு நியாயமாக இருக்கலாம். குழாய் விஷயத்தில் இது கெடுதல் செய்தது என்பது என் கருத்து. மாநில அளவிலான நிதியில் பணம் சேர்ந்து, எங்கோ ஒரு மேம்பாலத்துக்குப் போனாலும் பொதுவான தொடர்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடிகிறது.

ஃபுளோரிடா மாநில உச்ச நீதிமன்றம் 1976இல் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. டனீடன் என்ற சிறு நகரம் புதிய குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்குத் தனிக் கட்டணம் விதித்தது. கட்டுமானக்காரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. விரிவாக்கச் செலவைப் புதிதாக வருபவர்களிடம் வாங்குவதில் தவறில்லை என்றது நீதிமன்றம். ஆனால் அந்தப் பணத்தை விரிவாக்கத்துக்கு மட்டுமே செலவிடவேண்டும் என்று நகரச் சட்டம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாததால், அந்தச் சட்டம் செல்லாது என்றும் சொன்னது. கட்டணத்தின் அளவை நீதிமன்றம் குறை சொல்லவில்லை. பணத்துக்குப் பூட்டு இல்லாததைத்தான் குறை சொன்னது.

பூட்டு மட்டும் போதாது என்பதற்குக் காரணம் குழாயின் இயல்பிலேயே இருக்கிறது. பொறியாளர்கள் பயன்படுத்தும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தின்படி, ஒரே சரிவில் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் அது சுமக்கும் நீர் ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. செலவு அப்படிக் கூடுவதில்லை. பள்ளம் தோண்டுவது, சாலையை வெட்டிப் பிறகு சரிசெய்வது, மின்கேபிளையும் கழிவுநீர்க் குழாயையும் தாண்டிப் போவது ஆகியவை நாலு அங்குலத்துக்கும் எட்டு அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே முதலில் வருபவர் தன் தேவைக்கு மட்டும் குழாய் போட்டால் அது ஊருக்கு நஷ்டம். ஊர் முழுமைக்கும் சேர்த்துப் போடச் சொன்னால் அது அவருக்கு நஷ்டம். பின்னால் வரும் பத்துப் பேரும் முதல் ஆள் எப்போது போடுவார் என்று காத்திருப்பார்கள். யாரும் போடமாட்டார்கள். லாரி ஓடும்.

இதற்கு ஒரு தீர்வைக் கலிஃபோர்னியா மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் நெடுங்காலமாக வைத்திருக்கிறது. தனியார் குடிநீர் நிறுவனத்திடம் கட்டுமானக்காரர் பிரதான குழாயின் செலவை முன்பணமாகத் தருகிறார். நிறுவனம் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வீதம் 40 ஆண்டுகளில் வட்டியின்றித் திருப்பித் தருகிறது. காகிதத்தில் முழுப் பணமும் திரும்புகிறது. பத்து விழுக்காடு வட்டிக் கணக்கில் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு கொடுத்ததில் கால் பங்குகூட வராது. நாற்பது ஆண்டுத் தவணையை நம் ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆனாலும் இதில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: பணம் கட்டியவர் கையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

முன்பணமே வேண்டாம், பெரிய குழாயைப் போட்டு வணிக நுகர்வோரிடம் அதிக விலைக்குத் தண்ணீர் விற்றுச் செலவை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். திருப்பூரில் அது நடந்தது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற தனி நிறுவனம். சாயப்பட்டறைகளுக்குத் தொடக்க விலை ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். அந்த வருவாயின் நிழலில் வீடுகளுக்குக் குறைந்த விலை. அன்று லாரித் தண்ணீருக்குத் தவித்த பட்டறைகளுக்கு இது பெரிய விலையாகத் தெரியவில்லை. 2005 வாக்கில் தண்ணீர் வந்தது. ஆனால் சாயக் கழிவால் நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தினால்தான் இயங்கலாம் என்றானபோது, பட்டறைகளுக்குப் புதுத் தண்ணீர் கொஞ்சம்தான் தேவைப்பட்டது. சூழலுக்கு நல்லது நடந்தது; விற்பனையை நம்பிக் கடன் வாங்கிய நிறுவனம் கடனை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று.

பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இது அப்படியே பொருந்தும். பெரிய வளாகங்கள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் குளிர்சாதனத்துக்கும் பயன்படுத்துகின்றன. வீட்டிலிருந்து வேலை என்ற வழக்கம் வந்தபின் பத்தாயிரம் இருக்கைகள் இருக்கும் இடத்துக்குப் பாதிப் பேர்கூட வராத நாட்கள் உண்டு. குழாயின் செலவு மண்ணுக்குள் போனதும் நிலைத்துவிடுகிறது. வணிகத் தேவையோ ஒரு தீர்ப்பிலோ ஒரு பெருந்தொற்றிலோ கரைந்துவிடுகிறது. ஆகவே விற்பனை வருவாயை மட்டும் பிணையாக வைத்துக் குழாய் போடக்கூடாது. ஒதுக்கப்பட்ட கொள்ளளவுக்கு முன்வைப்பும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒரு குறைந்தபட்ச மாதக் கட்டணமும் தேவை.

முன்வைப்பு நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஆலந்தூர் பதில் சொல்லும். 1990களின் இறுதியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக, வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாயும் வணிக இணைப்புக்கு 10,000 ரூபாயும் வைப்பாக வாங்கியது. மீதிக்குக் கடனும் மானியமும். கட்டிய பணத்துக்கு எந்தத் தெருவில் என்ன வேலை என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாடு 2002இல் 13 உள்ளாட்சிகளைச் சேர்த்துக் கூட்டுக் கடன்பத்திரமும் வெளியிட்டிருக்கிறது. தேவையான கருவிகள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

நான் முன்வைக்கும் ஏற்பாடு இது. ஒரு வழித்தடத்தில் பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தொடங்கும் முன்பே குடிநீர் வாரியம் பிரதான குழாயின் பாதையையும் விட்டத்தையும் முப்பதாண்டுத் தேவைக்கு அறிவிக்கவேண்டும். மத்திய அரசின் கையேடு குழாய்களுக்குச் சொல்லும் வடிவமைப்புக் காலமும் அதுதான். முதலில் வருபவர் தன் தேவைக்குரிய குழாயின் செலவை, அந்த வழித்தடத்துக்கென்றே உள்ள தனிக் கணக்கில் கட்டட்டும். கூடுதல் விட்டத்துக்கான சிறு செலவை வாரியம் கடனாக எடுக்கட்டும். பின்னால் இணைபவர் ஒவ்வொருவரும் தாம் கேட்கும் கொள்ளளவின் விகிதத்தில் பங்கு செலுத்த, அதிலிருந்து முதல் ஆளுக்கு வட்டியோடு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் திரும்பட்டும். குறித்த நாளுக்குள் குழாய் வரவில்லையென்றால் முழுத் தொகையும் வட்டியோடு திரும்பவேண்டும். கடைசி நிபந்தனையை அதிகாரிகள் விரும்பமாட்டார்கள். மற்றவை எல்லாம் உயிர் பெறுவது அதனால்தான்.

செலவு கடைசியில் வாடகையில்தான் ஏறும் என்று கட்டுமானத் துறையினர் சொல்வார்கள். ஏறட்டும். லாரிக்கூலி இன்று பராமரிப்புக் கட்டணத்தில் ஏறியே இருக்கிறது. அதைச் செலுத்துபவருக்கு மண்ணுக்குள் ஒரு அடி குழாய்கூடச் சேர்வதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பணம் கட்டியவர் பக்கமே குழாய் போனால், துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் என்னாகும்? நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டு, 2000 முதல் இந்த வழித்தடத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் விரும்பி வந்த வளர்ச்சி அல்ல இது. ஆகவே குடியிருப்புகளின் வீட்டு இணைப்புக்கான கொள்ளளவு, கூடுதல் விட்டத்தில் வாரியத்தின் பங்காகவே சேரவேண்டும். அதில் வணிக ஒப்பந்தக்காரர் எவருக்கும் முன்னுரிமை இருக்கக்கூடாது.

நீர் ஆதாரத்தின் செலவை இந்தக் கணக்கில் கலக்கவும் கூடாது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தது. 15 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டாவது ஆலை 2024இல் திறக்கப்பட்டது. முதல் ஆலை வந்த பிறகும் இந்தச் சாலையின் பகிர்மானக் குழாய்கள் பல ஆண்டுகள் பின்தங்கின. ஆதாரம் மாநகரம் முழுமைக்கும் பொது. அதன் செலவு எல்லாருடைய கட்டணத்திலும் வரட்டும்.

நாவலூரிலிருந்து தெற்கே இந்த ஏற்பாடு இன்னொரு தடையைச் சந்திக்கும். அங்கே கட்டடங்கள் உயர்ந்துகொண்டிருக்கின்றன; நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் மாநகராட்சிக்கு வெளியே. பெருநகரத் திட்டப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. குடிநீர் வழங்கும் பொறுப்பு அதோடு சேர்ந்து விரியவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் கட்டுபவர் கையெழுத்துப் போடுவார். எதிர்ப்பக்கத்தில் சென்னைக் குடிநீர் வாரியமா, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமா, ஊராட்சியா என்பதை அரசு முதலில் ஓர் ஆணையால் முடிவு செய்யவேண்டும். அதுவரை அந்தப் பகுதியில் 63-பி கட்டணத்தில் குடிநீருக்கு உரிய பங்கைத் தனிக் கணக்கில் நிறுத்தி வைப்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. விதிகளில் ஒரு பத்தி போதும்.