நம்ம பெட்டி, இரண்டாவது சீட்டு: 1952 தேர்தல் குறித்துச் சில குறிப்புகள்

ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போதும் பத்திரிகைகளில் ஒரு சொல் பெருகும்: தாவல். யார் எங்கிருந்து எங்கே போனார், எந்தக் கட்சி எந்தச் சாதிச் சங்கத்தை வளைத்தது, யாருக்கு சீட்டு, யாருக்குக் கல்தா. இதைப் படிக்கும் நம் இலக்கிய நண்பர்கள் 'அந்தக் காலத்துல இப்படி இல்ல சார், கொள்கைன்னு ஒண்ணு இருந்துச்சு' என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலம் எது என்று கேட்டால்தான் பதில் வராது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் நடந்த முதல் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். சென்னை ராஜ்யம், 1952. திராவிட இயக்க வரலாறும் காங்கிரஸ் வரலாறும் இந்த ஆண்டை அவசரமாகக் கடந்து போகின்றன. ஒன்று 1949லிருந்து 1957க்குத் தாவுகிறது. மற்றது ராஜாஜியிடமிருந்து நேராகக் காமராஜருக்கு வந்துவிடுகிறது.

நான் தென்னாற்காட்டுக்காரன். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட ஒரு வன்னியப் பெரியவரிடம் பல வருடங்களுக்கு முன்பு பேசிக்கொண்டிருந்தேன். 'சீட்டுல முத்திரையெல்லாம் குத்த வேணாம் தம்பி. உள்ள போனா பெட்டிங்க வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் சின்னம் ஒட்டியிருப்பான். நம்ம பெட்டி எதுன்னு பாத்துப் போட்டுட்டு வரணும், அவ்ளோதான்' என்றார். முறை அப்படித்தான் இருந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. என்னை உறுத்தியது 'நம்ம பெட்டி' என்ற சொல். அந்த 'நம்ம' எப்படி உருவானது?

1949ல் தென்னாற்காடு ஜில்லா போர்டு தேர்தலில் வன்னியகுல சத்திரியர் சங்கம் காங்கிரசை எதிர்த்துத் தனியாக ஆட்களை நிறுத்தியது. 52 இடங்களில் 22ஐப் பிடித்தது. வடக்கு மாவட்டங்களில் எண்ணிக்கையில் பெரிய சாதி, ஆனால் காங்கிரஸ் கமிட்டிகளில் செல்வாக்கு வேறு சாதிகளிடம், நிலமும் படிப்பும் இருந்தவர்களிடம். ஜில்லா போர்டு கணக்கைப் பார்த்த பிறகு, 'எங்களுக்கு இத்தனை சீட்டு' என்று கேட்கும் தைரியம் வந்தது. காங்கிரஸ் மசியவில்லை. இதிலிருந்து ஒன்றல்ல, இரண்டு கட்சிகள் பிறந்தன. தென்னாற்காடு, சேலம் பக்கம் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வடஆற்காடு, செங்கற்பட்டு பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி.

பெயர்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று உழைப்பு, மற்றது பொதுநலம். சாதி இரண்டிலுமே இல்லை. ருடால்ஃப் தம்பதியர் 1967ல் வெளியிட்ட தங்கள் நூலில் இந்தச் சங்கங்களை ஜனநாயகத்தின் பள்ளிக்கூடமாகப் பார்த்தார்கள்: சாதி தன்னை நவீனப்படுத்திக்கொள்கிறது, எழுத்தறிவில்லாத விவசாயிக்கு வாக்கின் பொருளைக் கற்றுத் தருகிறது என்பது அவர்கள் வாசிப்பு. பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் ஒதுங்கியும் இருக்கவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கைக்குச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பேன் என்று உறுதிமொழியில் கையெழுத்திடும் காங்கிரஸ் அல்லாத வேட்பாளருக்கு ஆதரவு என்றது. இரண்டு வன்னியர் கட்சிகளும் கையெழுத்துப் போட்டன. கம்யூனிஸ்டுகள் போடவில்லை, அவர்களைத் திராவிடர் கழகம் ஆதரித்தது. பிரிந்து மூன்று வருடம்கூட ஆகாத இரண்டு கழகங்கள் காங்கிரசை வீழ்த்த இரண்டு வேறு துணைகளைத் தேடிக்கொண்டன. இதைக் கொள்கை என்பதா, கணக்கு என்பதா? இரண்டும்தான். கணக்கில்லாத கொள்கை என்று ஒன்று தேர்தல் களத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முடிவு வந்தது. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152. தமிழ் மாவட்டங்களில் 96, ஆந்திரப் பகுதியில் 43, மலபாரில் நான்கே நான்கு. முதலமைச்சர் குமாரசாமி ராஜா தோற்றார். கம்யூனிஸ்டுகளுக்கு 62, சிறையில் இருந்த பி. ராமமூர்த்தி மதுரையில் வென்றார். உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளையும் சேர்த்து அமைந்த ஐக்கிய முன்னணி 166 பேர் தன் பக்கம் என்றது. ஆட்சி அமைக்க அழைப்பு வந்தது தேர்தலிலேயே நிற்காத ராஜாஜிக்கு. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் சிறந்தவர்களுக்காக அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவு திறந்து வைத்த கதவு அது. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. 1952 ஏப்ரல் 10ல் ராஜாஜி பதவியேற்றார். மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவைக்குள் போனார். ஜூலையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 200, எதிர்ப்பு 151. 152 எப்படி 200 ஆனது என்பதுதான் அந்த மூன்று மாத வரலாறு.

இங்கே மொழி செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு அமைச்சரான நாயக்கரின் செயலுக்குப் பெயர் துரோகம், சந்தர்ப்பவாதம். மக்கள் முன் நிற்காமலே முதலமைச்சரானவரின் செயலுக்குப் பெயர் ராஜதந்திரம். 'சாணக்கியர்' என்று பாராட்டினார்களே, அதே ராஜதந்திரம். தாவலும் தந்திரமும் வேறு வேறு செயல்கள் அல்ல. செய்தவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அது தனியாகத் தாவுகிறவரைத் தண்டிக்கும். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து போனால் 'இணைப்பு' என்று வணங்கி வழிவிடும். ஒரு முழுக் கட்சியும் காங்கிரசில் கரைந்த கதைக்கு இன்றைய சட்டத்திலும் குற்றமில்லை.

படையாட்சியார் 1952ல் உள்ளே போகவில்லை. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த, மக்கள் குலக்கல்வி என்று பெயரிட்ட, ஆரம்பக் கல்வித் திட்டம் அவருடைய ஆட்சியைச் சாய்த்தது. 1954 ஏப்ரல் 13ல் காமராஜர் முதல்வரானபோது நாயக்கரும் படையாட்சியாரும் அமைச்சர்களானார்கள். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. விலை போனார்கள் என்று சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் கேட்டதே காங்கிரஸ் வீட்டுக்குள் ஒரு திண்ணைதான். அது கிடைத்தது. திண்ணை கிடைத்த பிறகு கூலிக்கும் நிலத்துக்கும் சங்கம் எதற்கு? 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலைகளில் மரம் வெட்டிப் போட்டு மறித்தபோது அந்தப் பழைய பட்டியல் அப்படியே மறுபடி எழுந்தது.

எல்லோரும் கரைந்துவிடவும் இல்லை. உழைப்பாளர் கட்சியில் வென்ற ஏ. கோவிந்தசாமி தி.மு.க. பக்கமே நின்றார். 1967ல் அண்ணா அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சரானார். தி.மு.க.வோ 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்கலாமா என்பதற்கே கறுப்பு, சிவப்பு என்று பெட்டி வைத்துத் தொண்டர்களிடம் ஓட்டுக் கேட்டது. அடுத்தவர் கையெழுத்தை நம்பியதில் கற்ற பாடம் அதற்குப் பின்னால் இருந்தது என்பது என் ஊகம்.

இனி அந்த மீதிப் பாதி. அன்றைக்குக் கடலூர் பாராளுமன்றத் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், ஒரு தனி இடம். வாக்காளருக்கு இரண்டு சீட்டு. பொது இடத்தில் உழைப்பாளர் கட்சிக்காரர் வென்றார். தனி இடத்தில் காங்கிரஸ் வேட்பாளர் எல். இளையபெருமாள். பின்னாளில் தீண்டாமை குறித்த அகில இந்தியக் குழுவுக்குத் தலைமையேற்று 1969ல் அறிக்கை தந்தவர் இவர்தான். உழைப்பின் பெயரில் கட்சி நடந்த அதே வயலில் நடவு நட்டவர்கள், கூலிக்கு அறுத்தவர்கள் அவருடைய ஆட்கள். 'உழைப்பாளர்' என்ற சொல்லுக்குள் அவர்கள் இருந்தார்களா? நவீனமாகிக்கொண்டிருந்த சாதி யாருக்கு முன்னால் நவீனமானது, யாருக்கு முன்னால் பழைய சாதியாகவே இருந்தது? ருடால்ஃப் தம்பதியரின் பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

பெரியவரிடம் இதையும் கேட்டேன். முதல் சீட்டைப் போட்ட பெட்டி, அது நின்ற இடம், அன்றைய வெயில், வண்டி கட்டிப் போனது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

'ரெண்டாவது சீட்ட எந்தப் பெட்டியில போட்டீங்க?'

கொஞ்ச நேரம் யோசித்தார். 'ரெண்டு சீட்டா குடுத்தான்?' என்றார்.