திருமலைத் துறைமுகமும் வானொலிக் குரலும்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் காலை, திருகோணமலைத் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. ஈராண்டுகள் கழித்து, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. திருமலையில் நங்கூரமிட்ட மாலுமிகளுக்கும், கீழ்த்திசைக் காடுகளில் போரிட்ட வீரர்களுக்கும் செய்தியும் இசையும் வழங்கவென ‘ரேடியோ சியாக்’ என்னும் ஒலிபரப்பு எழுந்தது. போர்வீரனுக்குத் துப்பாக்கியைப் போலப் பாட்டும் வேண்டியிருந்தது போலும்!

போர் ஓய்ந்தது. ஏக்கலையில் அமைந்த அவ்வொலிபரப்பின் 100 கிலோவாட் பரப்பி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. பாக்குநீரிணைக்கு அப்பாலோ, 1952-க்குப் பின் அமைச்சர் கேஸ்கரின் ஆணையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. ஆதலின் தமிழகத்தின் செவிகள் யாவும் இலங்கையை நாடின. எஸ். பி. மயில்வாகனம் என்னும் அறிவிப்பாளரின் பெயர் இரு கரைகளிலும் வீட்டுப் பெயராயிற்று. 1957-இல் பிரித்தானியக் கடற்படை திருமலையை விட்டு நீங்கியது. அப்படைக்காகப் பிறந்த ஒலிபரப்போ தமிழர் இல்லங்களில் நிலைபெற்றது.

இந்த வழியில் வந்தவரே பி. எச். அப்துல் ஹமீது. கொழும்பிலே பிறந்து, சிறுவர் நிகழ்ச்சி வாயிலாக ஒலிவாங்கியின் முன் வந்தவர் அவர். வானொலி நாடகங்களில் நடித்தார், பின் அறிவிப்பாளரானார். காண்பாரில்லாத அறையில், குரல் ஒன்றையே முகமாகக் கொள்ளுதல் எளிய பணியன்று. முகங்கோணலை நேயர் பொறுப்பர், சொற்கோணலைப் பொறார். லகர, ளகர, ழகரங்கள் பிறழாத ஹமீதின் உச்சரிப்பு அப்பயிற்சியின் விளைவு. தமிழாசிரியர் பலர் பாடவேளையில் சாதிக்கமுடியாததை இவ்வறிவிப்பாளர்கள் பொழுதுபோக்கினூடே சாதித்தனர் என்றால் மிகையாகாது.

1979-இல் இலங்கையில் தொலைக்காட்சி வந்தது. 1982-இல் ரூபவாஹினி எழுந்தது. வானொலியில் அவர் நடாத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ 1990-களில் சென்னைச் சன் தொலைக்காட்சிக்கும் சென்றது. செவிவழிப் பழகிய குரலுக்கு முகம் கிடைத்தது. ஆயினும் போட்டி செவிக்குரியதாகவே நின்றது. தரப்படும் எழுத்தில் பாடல் தொடங்கவேண்டும். வரிகளும் பிழையின்றி வரவேண்டும். போட்டியாளர் பாடுகையில், விளக்கொளியும் மேடையலங்காரமும் சூழ்ந்த நடுவே, நடத்துநர் பழைய ஒலிபரப்பறையில் இருந்தவாறே சொல்லைச் செவியேற்று நின்றார்.